ரூபாவின் கம்ப்யூட்டர் ஏன் மெதுவாக ஓடுகிறது

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டு கம்ப்யூட்டர் கோளாறுக்காக மட்டும். மின்வாரியத்தில் இருந்த காலத்தில் லைனில் கோளாறு என்றால் தேதி போட்டு, என்ன பார்த்தேன், எதைக் கழற்றினேன் என்று எழுதிவைத்துத்தான் கண்டுபிடிப்பேன். அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டு விஷயம் இதில் வராது.

கோளாறு இதுதான். என் மனைவி ரூபா திரையில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது வந்து சேர நேரமாகிறது. வார்த்தை முடிந்த பிறகு அதன் அடியில் சிவப்புக் கோடு விழுமா விழாதா என்று தெரிய அதைவிட நேரமாகிறது. ஸ்பெல் செக் நொண்டுகிறது.

மற்றவர்களாக இருந்தால் ஸ்பெல் செக்கை அணைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ரூபா முப்பது வருடம் பாளையங்கோட்டையில் ஒரு பாடப்புத்தக அச்சகத்தில் பிழை திருத்தியவள். மோட்டார் நியூரான் நோய் வந்து பேச்சு போயிற்று, கால் போயிற்று, இடது கை போயிற்று. வலது கையில் ஆள்காட்டி விரலும் கண்ணும் மிச்சம். அந்த ஒரு விரலால் உருண்டை மவுஸை உருட்டி, திரையில் தெரியும் எழுத்துகளைத் தட்டித்தான் என்னிடம் பேசுகிறாள். ஒரு வார்த்தைக்குக் கோடு விழவில்லை என்று உறுதியான பிறகுதான் அடுத்த வார்த்தைக்குப் போவாள். தண்ணீர் கேட்டால்கூட முற்றுப்புள்ளி வைத்துத்தான் கேட்பாள்.

சின்ன விஷயத்துக்குக் கண் போதும். ஆமாம் என்றால் ஒரு தடவை மூடித் திறப்பாள். இல்லை என்றால் இரண்டு தடவை.

போன வெள்ளிக்கிழமை டாக்டர் நிஜாமுதீன் ஒன்று கேட்டார். அது வீட்டு விஷயம்தான், ஆனாலும் கம்ப்யூட்டரோடு சம்பந்தப்பட்டது என்பதால் எழுதுகிறேன். மூச்சுவிடும் தசைகளும் தளர ஆரம்பித்துவிட்டனவாம். ஒருநாள் மூச்சு முட்டும். அப்போது தொண்டையில் துளை போட்டு, குழாய் வைத்து, மெஷினோடு இணைக்கலாம். வருடக்கணக்கில்கூட உயிரோடு இருக்கலாம், ஆனால் படுக்கையும் மெஷினும்தான். வேண்டாம் என்றால் வலி தெரியாமல் மருந்து கொடுத்துப் போகவிடலாம்.

ரூபாவை வைத்துக்கொண்டேதான் கேட்டார். "இது அவங்க முடிவு சார். சீக்கிரம் கேட்டுச் சொல்லுங்க. அந்த நேரம் வந்துட்டா கேக்கறதுக்கு நேரம் இருக்காது."

இப்படிப்பட்ட பதிலை ரூபா எழுதித்தான் சொல்ல வேண்டும். அதற்குள் கம்ப்யூட்டரைச் சரிசெய்தாக வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

அணைத்துப் போட்டேன். வைரஸ் பார்க்கிற புரோகிராமை ஓடவிட்டேன், முழுக்க ஓடி முடிந்து ஒன்றுமில்லை என்றது. அது ஓடும்போது இன்னும் மெதுவானதுதான் மிச்சம்.

இடியாப்பத்தைப் பாலில் பிசைந்து ஊட்டினேன். பாதியில் புரையேறிவிட்டது. முதுகைத் தட்டி, சாய்த்து, துடைத்து, அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கும்வரைக்கும் எனக்கு உயிர் இல்லை.

ஜூன் 6, வியாழன்

தெற்கு பஜாரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் உலகேஸ்வரியை வரச்சொன்னேன். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பேச்சு கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும், வேலை சுத்தம். உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணாச்சி இது? வருசம் பூராம் மதினி பேசுனது அம்புட்டும் ஒரே ஃபைல்ல கெடக்கு. ஒரு எழுத்து தட்டுனா மொத்தத்தையும் முதல்லேந்து பிழை பாத்துட்டுல்லா வருது. எந்த மெஷின் தாங்கும்?"

உண்மைதான். போன வருடம் திறந்த ஃபைல். அதிலேயே காப்பியில் சீனி அதிகம் என்று சொல்லியிருக்கிறாள், அதிலேயே என் ஆங்கிலக் கடிதத்தைத் திருத்தியிருக்கிறாள், அதிலேயே பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். மூடி வைக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. பேச்சை யாராவது நாளைக்கொரு ஃபைலாகப் பேசுவார்களா?

உலகேஸ்வரி அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்தாள். ரூபா முதலில் எழுதியது: "அத்தான், இவளுக்குக் காப்பி கொடுங்கள்."

ஜூன் 7, வெள்ளி

கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் மெதுவுதான்.

ஜூன் 9, ஞாயிறு

சர்ச் ஆராதனைக்கு நான் மட்டும் போய்வந்தேன். வரும்போது ரூபா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை நகர்த்தி, விரலை மவுஸில் வைத்துவிட்டேன்.

ஆரம்பித்தாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "டாக்டர் கேட்டதற்கு என்" என்று வந்தது. காத்திருந்தாள். கோடு விழவில்லை. "பதில்" என்று அடித்தாள். அப்போது திரை வெளுத்துப்போய் அப்படியே நின்றுவிட்டது.

நான் பிளக்கைப் பிடுங்கினேன். கொஞ்சம் பொறுத்தால் தானாக வந்திருக்குமோ என்னவோ. உறைந்துபோன மெஷினை வேறு என்ன செய்வது? திரும்பப் போட்டபோது அந்த வரி இல்லை.

"சரி பண்ணிருதேன் ரூபா. நிதானமா எழுது. அவசரம் ஒண்ணும் இல்ல," என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் கோழிக் குழம்பைக் கரைசலாக அரைத்துக் கொடுத்தேன், நன்றாகச் சாப்பிட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

போனில் உலகேஸ்வரி சொல்லச் சொல்ல நானே செய்தது:

ஸ்பெல் செக் ஒவ்வொரு வார்த்தையையும் தமிழா ஆங்கிலமா என்று இரண்டு அகராதியிலும் தேடிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தை எடுத்துவிட்டேன். இலக்கணம் பார்ப்பதை அணைத்தேன். ரூபா சொந்தமாகச் சேர்த்திருந்த வார்த்தைகளின் ஃபைல் பழுதாகியிருக்கலாம் என்று அதையும் ஒதுக்கி வைத்தேன்.

முன்னைவிட மேல். உடனே வரவில்லை.

கடைசியாக நானே கேட்டேன். "ஸ்பெல் செக்க அணைச்சுருவமா ரூபா? பிழை இருந்தா இருக்கட்டும். எனக்குப் புரியும்லா?"

அவள் யோசித்தாள். அவள் இரண்டு தடவை மூடப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு தடவை மூடினாள். அணைக்கலாம் என்கிறாள். நான் எதிர்பார்க்கவில்லை. முப்பது வருடமாகப் பிழையோடு ஒரு பக்கத்தை விட்டவளில்லை, நோயில் சலித்துப்போய்ச் சொல்கிறாள், அதைப் பிடித்துக்கொண்டு நான் அணைத்துவிடக் கூடாது என்று பட்டது. "வேண்டாம், உனக்கு அது இல்லாமச் சரிப்படாது. நான் முழுசாச் சரி பண்ணித்தாரேன்," என்றேன்.

ஜூன் 13, வியாழன்

மெஷினைக் கழற்றிவிட்டேன். உள்ளே மின்விசிறியில் தூசி அப்பிக்கிடந்தது. சூடானால் மெஷின் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மருக்கு உள்ளதுதான் இதற்கும். திருகு, விசிறி, பலகை எல்லாம் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துப் பரப்பியிருக்கிறேன். பிரஷ் கொண்டு ஒவ்வொன்றாகத் துடைக்கிறேன்.

ரூபா மணியை அடித்தாள். விரலுக்கு அடியில் ஒரு அழைப்பு மணி வைத்திருக்கிறோம். போனேன்.

"காப்பியா?" இரண்டு தடவை மூடினாள். "ஃபேனைக் கூட்டவா?" இரண்டு. "ஒருக்களிச்சுப் படுக்க வைக்கவா?" இரண்டு. "ஜன்னல்? டிவி? பைபிள் வாசிக்கவா?" எல்லாவற்றுக்கும் இரண்டு.

வேறு என்ன கேட்பதென்று எனக்குத் தோன்றவில்லை. தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். திரும்பவும் அடித்தாள். திரும்பவும் போனேன். அதே கேள்விகளைத்தான் திரும்பவும் கேட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று அடித்த மாதிரி இன்றைக்கு மணி அடிக்கவில்லை. நல்லது, ஓய்வெடுக்கட்டும். குற்றாலத்துச் சாரல் காற்று இங்கேவரைக்கும் வருகிறது, வெயிலே தெரியவில்லை.

ஜூன் 15, சனி

உலகேஸ்வரி வந்து எல்லாவற்றையும் பூட்டினாள். நினைவகம் போதாது என்று புதிதாக ஒன்றையும் செருகினாள். "இப்பம் அடிச்சுப் பாருங்க அண்ணாச்சி," என்றாள்.

நான் உட்கார்ந்து, ரூபாவின் மவுஸைக் கொண்டே, என் பெயர் சாமுவேல் தனசிங் என்று அடித்தேன். எழுத்து அப்படியப்படியே விழுந்தது. தனசிங் என்பதற்குக் கீழே கோடும் உடனே விழுந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

ரூபாவை உட்காரவைத்தோம். மெதுவாக வந்தது. ஓர் எழுத்து, அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் ஓர் எழுத்து.

"பாத்தியா? அவ உக்காந்தா மட்டும் எழுத்து வரமாட்டேங்கு. அந்த மவுஸ்ல ஏதோ இருக்கு," என்றேன்.

உலகேஸ்வரி என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. மெஷின்ல ஒண்ணும் இல்ல. எப்பமோ சரியாயிட்டு. மதினி வெரலப் பாருங்க. அமுக்கத்தான் அவங்களுக்கு முடியல."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "நீ கம்ப்யூட்டர் பாக்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?" என்று கேட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு, ரூபாவின் கையை ஒரு நிமிடம் பிடித்திருந்துவிட்டுப் போய்விட்டாள். அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் மவுஸை அவள் பார்க்கவே இல்லை என்பதும் உண்மை.

ஜூன் 17, திங்கள்

டாக்டரே போன் செய்தார்.

"என்ன சார், கேட்டீங்களா?"

"கம்ப்யூட்டர் சரியில்ல டாக்டர். ஸ்பெல் செக் ரொம்ப ஸ்லோ. சரி பண்ணிக்கிட்டு இருக்கேன். சரியானதும் எழுதிருவா."

"சார், கண்ணால ஆமா, இல்ல சொல்றாங்கல்ல? அது போதும் எனக்கு. நீங்க கேளுங்க. இல்ல போன ஸ்பீக்கர்ல போட்டு அவங்க பக்கத்துல வைங்க, நானே கேக்கறேன்."

"அவ தூங்குதா டாக்டர்," என்றேன். அவள் தூங்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது.

காப்பி வேண்டுமா என்று கேட்கிற மாதிரியா இதைக் கேட்பது? அவள் முழு வாக்கியமாகச் சொல்கிறவள். ஏன், எதனால், எப்போதிலிருந்து என்று எழுதுவாள். ஒரு இமையைப் பார்த்து முடிவு செய்துவிட முடியுமா? முடியாது. டாக்டருக்கு அவளைத் தெரியாது.

ஜூன் 18, செவ்வாய்

மவுஸை மாற்றினேன். லேசாகத் தொட்டாலே போதும் என்கிற வகை.

காலையில் உட்காரவைத்தேன். நான் கீரை ஆய்ந்துகொண்டு பக்கத்திலேயே இருந்தேன். கீரை ஆய்ந்து, அரிந்து, கடைந்து, இறக்கியும் ஆயிற்று. அப்புறம் அவள் தொண்டையில் ஒரு சத்தம் செய்தாள். போய்ப் பார்த்தால் ஒரு வரி இருந்தது.

"அத்தான், உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?"

ஒரு பிழை இல்லை. கேள்விக்குறிகூடப் போட்டிருந்தாள்.

"எனக்கு என்ன பயம்?" என்றேன். "கம்ப்யூட்டர்தான் படுத்துது. வேற ஒண்ணும் இல்ல."

அவள் கண்ணில் நீர் நின்றது. மூச்சு வாங்கியது. படுக்கவைத்து, மூக்கில் மாட்டும் மூச்சு மெஷினை மாட்டிவிட்டேன். முன்பெல்லாம் ராத்திரிக்கு மட்டும் மாட்டுவது, இந்த வாரம் பகலிலும் மாட்டவேண்டியிருக்கிறது.

எழுதிவைக்கிறேன், யாரும் படிக்கப்போவதில்லை. பயம்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த வீட்டில் என்னைத் திட்ட, என் இங்கிலீஷைத் திருத்த, என் சட்டையில் பொத்தான் மாறியிருக்கிறது என்று சொல்ல அவள் ஒருத்திதான். அவள் இல்லாத வீட்டுக்குள் சாவி போட்டுத் திறந்து வருவதை என்னால் நினைக்கவே முடியவில்லை.

ஜூன் 19, புதன்

புதிய கம்ப்யூட்டருக்கே ஆர்டர் போட்டுவிட்டேன். இருப்பதிலேயே வேகமானது. ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். பழையதோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

ரூபாவிடம் சொன்னேன். "புதுசு வரட்டும். அதுல நிதானமா எழுது. என்ன?"

அவள் கண்ணை மூடவில்லை. ஒரு தடவையும் இல்லை, இரண்டு தடவையும் இல்லை.

ஜூன் 22, சனி

காலையில் முகம் துடைக்கப் போனபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆம்புலன்ஸ்.

ஜூன் 24, திங்கள்

மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை ஆம்புலன்ஸில் அவளுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ரோடு நெடுக அவளுடைய கண் என் முகத்தைவிட்டு அகலவில்லை. கேட்டிருக்கலாம், வண்டி முருகன்குறிச்சியைத் தாண்டும் வரைக்கும் நேரம் இருந்தது. "ஒண்ணுமில்ல ரூபா, ஒண்ணுமில்ல" என்றே சொல்லிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் நிஜாமுதீன் வாசலிலேயே நின்றார். "என்ன சொன்னாங்க சார்?"

"எழுதல டாக்டர்."

"கேட்டீங்களா?"

நான் ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் போனேன். அதற்குள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. அவர் என் தோளைப் பிடித்தார். "அப்ப நீங்கதான் சொல்லணும். இப்பவே."

"குழாயப் போடுங்க," என்றேன். நான் கத்தினேன் என்று பிறகு நர்ஸ் சொன்னார். எனக்கு அது நினைவில்லை.

ஜூன் 27, வியாழன்

புதிய கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்துவிட்டதாகப் போன். பக்கத்து வீட்டில் வாங்கி வைக்கச் சொன்னேன்.

ஜூலை 15, திங்கள்

ரூபாவை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. தொண்டையில் குழாய். அதிலிருந்து மெஷின். மெஷின் மூச்சு விடுகிறது, அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறது. மணிக்கொரு தடவைக்குக் குறையாமல் குழாயில் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். நான் கற்றுக்கொண்டேன். உறிஞ்சும்போது அவள் முகம் என்ன பாடுபடுகிறது என்பதை எழுத மாட்டேன். வயிற்றுக்கு வேறு ஒரு குழாய். இனிப் பிசைந்து ஊட்டுகிற வேலை இல்லை.

கண் இருக்கிறது. விரல் போயிற்று.

உலகேஸ்வரிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "அத விடுங்க அண்ணாச்சி," என்று வந்து புதிய கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்தாள். ரூபாவின் கட்டில் பக்கம் அவள் கொஞ்ச நேரம்தான் நின்றாள்.

அவள் போன பிறகு நான் அடித்துப் பார்த்தேன். எழுத்து விழுமுன்னே கோடு விழுகிறது. கோளாறு சரியாகிவிட்டது. இந்த நோட்டை இத்தோடு முடிக்கலாம்.

ஜூலை 18, வியாழன்

முடிக்க முடியவில்லை.

காப்பியா என்று கேட்க முடியாது, காப்பி குடிக்க முடியாது. ஃபேனா என்று கேட்கிறேன். சில சமயம் பதில் சொல்கிறாள். பெரும்பாலும் சுவரைப் பார்க்கிறாள். வலிக்கிறதா என்று கேட்டால் ஒரு தடவை மூடுகிறாள். எங்கே என்று ஒவ்வோர் இடமாகக் கேட்டுக்கொண்டே போகிறேன். எல்லா இடத்துக்கும் ஒரு தடவை மூடுகிறாள்.

ஜூலை 22, திங்கள்

மருத்துவமனையிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்மணி வந்தார். கண்ணாடி போன்ற ஒரு அட்டை, அதில் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக. நாம் அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். அவள் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறாள் என்று அவள் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். மின்சாரம் வேண்டாம், மெஷின் வேண்டாம்.

"நோய் தெரிஞ்ச புதுசுலயே இத ஆரம்பிச்சிருக்கலாமே சார்," என்றார்.

பழகுவதற்காக ரூபாவிடம் அவளுடைய பெயரைக் கேட்டார். ரூபாவதி என்று சரியாகச் சொன்னாள். என்னுடையதைக் கேட்டார். அத்தான் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் இனி என்னோடு பேசுவாள் என்று சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 23, செவ்வாய்

காலையில் சளி எடுத்து, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்த பிறகு அட்டையைப் பிடித்தேன். "என்ன ரூபா, என்ன வேணும்? சொல்லு."

அவள் உடனே ஆரம்பித்தாள். நான்தான் தடுமாறினேன். ஒவ்வோர் எழுத்தையும் சொல்லிச் சரியா என்று கேட்டு, அவள் ஒரு தடவை மூடியதும் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். முடித்துவிட்டு வாசித்துப் பார்த்தேன்.

"ஏன் என்னைக் கேட்கவில்லை"

கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தது ரூபா என்றேன்.

அவள் கண்ணை மூடினாள். ஒரு தடவையா, இரண்டு தடவையா என்று பார்ப்பதற்காக அட்டையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அவள் திறக்கவில்லை.